நாடா பறந்தது, காசு எங்கே போனது?

எங்கட வாசிப்பு வட்டத்தில் கொஞ்ச நாளாகச் சுற்றிக்கொண்டிருக்கிற ஒரு கேள்வியோடு தொடங்குகிறோம்.

எங்களில் ஒரு தோழியின் அம்மா வீட்டு விறாந்தையில் தையல் மெசின் வைத்துத் தைக்கிறவர். பள்ளிக்கூடச் சீருடை, சட்டை, தலையணை உறை எண்டு எல்லாம் தைப்பார். அவரை ஒருநாள் பயிற்சிப் பட்டறை ஒன்றுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். சிறுதொழில் செய்கிறவர்கள் சின்னச் சின்ன மாற்றங்கள் செய்தால் நல்ல பலன் கிடைக்கும் என்பதுதான் அன்றைய பாடம். கணக்குக் கொப்பி எழுதுங்கோ. வீட்டுக் காசையும் தொழில் காசையும் வேற வேறயா வையுங்கோ. விலையை எழுதி ஒட்டுங்கோ. வெட்டி மிஞ்சிற துணியில் சின்னப் பைகள் தையுங்கோ. தைத்ததைப் படம் எடுத்து முகப்புத்தகத்தில் போடுங்கோ.

அம்மா எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதிக்கொண்டு வந்தார். இரவு சாப்பிடும்போது தோழியிடம் கேட்டாராம்: "இதெல்லாம் செய்தா வருமானம் கொஞ்சம் கூடும்தான் பிள்ளை. ஆனா அந்தக் கூடுறது ஆருக்குப் போகும்?"

கேள்வி எங்களுக்கு உடனே விளங்கவில்லை. பிறகுதான் தோழி விளக்கினாள். அம்மா தைக்கிறதில் முக்கால்வாசி, ரவுணில் இருக்கிற ஒரு கடைக்கு. துணி கடைக்காரர் தருவார், ஒரு சட்டைக்கு இவ்வளவு எண்டு கூலியையும் அவரே தீர்மானிப்பார். கிழமைக்கு ஒருதரம் கடன்காரர் படலையில் வந்து நிற்பார். அம்மா கெட்டிக்காரத்தனமாகத் தைத்து ஒரு நாளைக்கு இரண்டு சட்டை கூடத் தைத்தாலும், அந்த இரண்டு சட்டையின் காசு விறாந்தையில் தங்குமா, படலையால் போகுமா?

இந்தக் கேள்விக்கு விடை தேடித்தான் நாங்கள் வரலாற்றுப் பக்கம் போனோம். போன இடம் ஒரு தறி. சின்ன மாற்றம் ஒன்று, நொந்துபோய் இருந்த லட்சக்கணக்கான சிறு தொழிலாளர்களைக் கைதூக்கி விட்ட கதை அங்கே இருக்கிறது. அந்த மாற்றத்தின் பலன் யாருடைய மடியில் விழுந்தது என்ற கதையும் அங்கேயே இருக்கிறது.

செத்துப்போகாத கைத்தறி

பள்ளிக்கூடத்தில் நாங்கள் படித்த கதை இப்படித்தான்: லங்காஷயர் ஆலைத் துணி கப்பலில் வந்தது, இந்தியக் கைத்தறி அழிந்தது, நெசவாளர் பட்டினி கிடந்தனர். இதில் பொய் இல்லை, ஆனால் பாதிக் கதைதான் இருக்கிறது.

19ஆம் நூற்றாண்டில் ஆலைத் துணி இந்தியச் சந்தையை நிரப்பியது உண்மை. மிகப் பெரிய அடி விழுந்தது கையால் நூல் நூற்றவர்களுக்கு. அவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். வீட்டுத் திண்ணையில் ராட்டை சுற்றிக் கிடைத்த சில்லறை வருமானம், ஆலை நூல் வந்ததோடு போய்விட்டது. நெசவாளர் கதை வேறு விதமாகப் போனது. கனபேர் தொழிலை விட்டார்கள், விவசாயக் கூலிக்குப் போனார்கள், கடல் கடந்தார்கள். நிண்டு பிடித்தவர்கள் அதே ஆலை நூலையே வாங்கித் தங்கள் தறியில் நெய்யத் தொடங்கினார்கள். முதலில் இங்கிலாந்து நூல் வந்தது. 1854இல் பம்பாயில் முதலாவது பருத்தி ஆலை உருவான பிறகு, மெல்ல மெல்ல இந்திய ஆலை நூலும் கிடைத்தது.

பிறகு நடந்ததுதான் பாடப்புத்தகத்தைத் தாண்டிப் பலருக்குத் தெரியாதது. 1900க்கும் 1940க்கும் இடையில் இந்தியக் கைத்தறித் துணி உற்பத்தி குறையவில்லை. ஏறத்தாழ மூன்று மடங்காகக் கூடியது. ஆலைகள் பெருகிய அதே காலத்தில், சாகப்போகிறது எண்டு எல்லாரும் கைவிட்ட தொழில் வளர்ந்தது.

அதற்குப் பல காரணங்கள் உண்டு. சேலை, லுங்கி போன்றவற்றில் ஆலையால் இலகுவாகப் பின்பற்ற முடியாத கரையும் கோலமும் இருந்தன. சுதேசி இயக்கம் இருந்தது. இவற்றோடு சேர்த்துச் சொல்லவேண்டிய ஒன்று, ஒரு மரப்பலகையும் ஒரு கயிறும்.

ஒரு கயிறு செய்த வேலை

தறியைப் பார்த்திராதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறோம். தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டியிருக்கும் நூல் பாவு. குறுக்கே ஓடும் நூல் ஊடை. ஊடை நூலைக் கொண்டு ஓடுகிற, படகு மாதிரியான சின்ன மரத்துண்டு நாடா. காலால் மிதித்தால் பாவு இரண்டாகப் பிரிந்து இடைவெளி விடும். அந்த இடைவெளிக்குள்ளால் நாடா போகவேண்டும்.

பழைய முறையில் நெசவாளர் வலக்கையால் நாடாவை எறிவார், இடக்கையால் பிடிப்பார். பிறகு ஊடையை அடித்து இறுக்குவார். மறுபடி இடக்கையால் எறிந்து வலக்கையால் பிடிப்பார். இதில் இரண்டு இடைஞ்சல் உண்டு. முதலாவது, நேரம்: எறிந்த கை திரும்பி வந்துதான் அடிக்கவேண்டும். இரண்டாவது, அகலம்: இரண்டு கையும் எட்டுகிற தூரத்துக்கு மேல் துணி அகலமாக இருக்கமுடியாது. அகலத் துணி வேண்டுமென்றால் பக்கத்தில் இன்னொரு ஆள் இருக்கவேண்டும்.

1733இல் இங்கிலாந்தின் பரி என்ற ஊரைச் சேர்ந்த ஜோன் கே, பறக்கும் நாடாவுக்குக் காப்புரிமை பெற்றார். தறியின் இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு பெட்டி, பெட்டிக்குள் நாடாவைத் தட்டிவிடுகிற ஒரு கட்டை, இரண்டு கட்டையையும் இணைக்கிற கயிறு, நடுவில் ஒரு கைப்பிடி. கைப்பிடியை ஒருதரம் வெட்டி இழுத்தால் நாடா அந்தப் பக்கம் பறக்கும், இன்னொருதரம் இழுத்தால் இந்தப் பக்கம் வரும். ஒரு கை கயிற்றில், மற்றக் கை ஊடையை அடிக்க. அகலத் துணிக்கும் ஒரு ஆளே போதும்.

கண்டுபிடித்தவருக்கு என்ன கிடைத்தது? உற்பத்தியாளர்கள் நாடாவைப் பயன்படுத்தினார்கள், உரிமைக் காசு கொடுக்க மறுத்தார்கள். அவர் வழக்குப் போட்டபோது, வழக்குச் செலவைத் தங்களுக்குள் பங்கு போடுவதற்கென்றே அவர்கள் ஒரு சங்கம் அமைத்தார்கள். ஜோன் கே கடைசியில் பிரான்சுக்குப் போனார், அங்கேயே வறுமையில் இறந்தார். பலன் யாருக்கு என்ற கேள்வி இந்தக் கருவியோடு கூடவே பிறந்துவிட்டது.

இங்கிலாந்தில் பறக்கும் நாடா நெசவை வேகமாக்கியதும் நூலுக்குத் தட்டுப்பாடு வந்தது. அந்தத் தட்டுப்பாடுதான் 1760களில் நூற்கும் இயந்திரங்களைத் தேட வைத்த காரணங்களில் ஒன்று. இந்தியாவில் இதே கதை தலைகீழாக நடந்தது. ஆலை நூல் முதலில் வந்து, நாடா பிறகு வந்தது. கையால் நூற்ற நூல் சில இடத்தில் தடிப்பாகவும் சில இடத்தில் மெல்லிசாகவும் இருக்கும். ஒரே சீரான ஆலை நூல், நாடா வெட்டி இழுபடும் வேகத்தை அதைவிட நன்றாகத் தாங்கும். ஆகவே 150 வருசத்துக்கு மேலாக எங்கட பக்கத்து நெசவாளர் இந்த நாடாவை எடுக்காமல் இருந்ததை மூடத்தனம் எண்டு சொல்லேலாது. மாற்றம் ஒன்று வேலை செய்வதற்கு அதைச் சுற்றியிருக்கிற மற்றச் சாமான்களும் தயாராக இருக்கவேண்டும்.

சேலத்தில் ஒரு பாடம்

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரண்டு ஆங்கிலேய அலுவலர் இந்த நாடாவைப் பற்றி நிறையப் பேசினார்கள். ஒருவர் கலைக் கல்லூரி அதிபராக இருந்த ஈ. பி. ஹவெல். வங்காளத்தின் செராம்பூர்ப் பகுதியில் நெசவாளர் ஏற்கெனவே பறக்கும் நாடாவைப் பயன்படுத்துவதைக் கண்டு, அதை மற்ற இடங்களுக்கும் கொண்டுபோகச் சொன்னவர். மற்றவர் சென்னையில் பொறியியல் பேராசிரியராக இருந்த அல்பிரட் சாற்றர்ட்டன். சென்னையில் அலுமினியப் பாத்திரத் தொழிலைத் தொடக்கி வைத்தவரும் இவர்தான்.

சாற்றர்ட்டன் சேலத்தில் அரசாங்கச் செலவில் ஒரு நெசவுக்கூடம் அமைத்தார். திட்டம் கேட்க நல்லாத்தான் இருக்கும்: நெசவாளரை ஒரு கூரையின் கீழ் கொண்டுவா, நல்ல தறி கொடு, மணிக்கணக்கு வை, கூலி கொடு. நெசவாளர் அதை விரும்பவில்லை. வீட்டில் நெய்யும்போது மனைவி தார் சுற்றுவார், பிள்ளைகள் நூல் எடுத்துக் கொடுப்பார்கள், தாய் தகப்பன் பாவு போட உதவுவார்கள். கூடத்துக்குப் போனால் ஒருவரின் உழைப்புக்குத்தான் கூலி. நினைத்த நேரம் எழும்பி நினைத்த நேரம் நிறுத்துகிற சுதந்திரமும் போய்விடும். 1910இல் லண்டனில் இந்திய விவகாரங்களுக்கான அமைச்சராக இருந்த மோர்லி, அரசாங்கம் வியாபாரத் தொழில் நடத்தக்கூடாது எண்டு நிண்டார். சேலத்துக் கூடமும் மூடப்பட்டது.

கூடம் தோற்றது, நாடா தோற்கவில்லை. பறக்கும் நாடாவுக்குப் புதுத் தறி தேவையில்லை. ஏற்கெனவே நிலத்தில் குழி தோண்டி வைத்திருக்கிற குழித்தறியிலேயே அதைப் பொருத்தலாம். ஊர்த் தச்சர் ஒருவர் ஒன்றைப் பார்த்தால் இன்னொன்று செய்துவிடுவார். பெரிய கடன் வேண்டாம், வீட்டை விட்டு வெளியே போகவேண்டாம், நெசவு வேலையைப் புதிதாகப் படிக்கவும் வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரர் நெய்வதைப் பார்த்தே பழகலாம். பிறகு சென்னை மாகாண அரசு, ஊர் ஊராகப் போய் நெய்து காட்டுகிற நெசவுக் குழுக்களையும் அனுப்பியது.

1941 அளவில் இந்தியா முழுவதிலும் 35 சதவீதத்துக்கு மேற்பட்ட கைத்தறிகளில் பறக்கும் நாடா இருந்தது. சென்னை மாகாணம், திருவிதாங்கூர், கொச்சி, மைசூர், வங்காளம் போன்ற இடங்களில் அது 70 முதல் 80 சதவீதம்.

அதிகாரிகள் பெரிய கட்டடத்தில் செய்யப் பார்த்தது நடக்கவில்லை. வீட்டுக்குள் பொருந்துகிற சின்ன மாற்றம் நடந்தது. பட்டறை நடத்துகிறவர்கள் இந்த இடம்வரை கதை சொன்னால் நாங்களும் கைதட்டுவோம்.

மாறாதவர்கள் பின்தங்கியவர்களா?

அடுத்த படியில் நிண்டு யோசிக்க வேண்டியது, நாடாவை எடுக்காதவர்களைப் பற்றி. 1941இலும் இந்தியத் தறிகளில் பெரும்பாலானவை பழைய எறிநாடாத் தறிகள்தான்.

காஞ்சிபுரத்துக் கோர்வைச் சேலையை எடுங்கோ. உடல் ஒரு நிறம், இரண்டு கரையும் வேறு நிறம். கரையின் நூல் உடலுக்குள் ஓடக்கூடாது, இரண்டும் சேரும் இடத்தில் ஊடைகள் ஒன்றையொன்று கோர்த்துக்கொள்ள வேண்டும். இதற்கு மூன்று நாடா வேண்டும், பக்கத்தில் உதவிக்கு இன்னொரு ஆளும் வேண்டும். ஒரே வெட்டில் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குப் பறக்கும் நாடாவால் இங்கே பிரயோசனம் இல்லை. இந்தச் சேலையில் நேரம் போவது நாடா எறிவதில் இல்லை, கரையைக் கோர்ப்பதிலும் கோலம் எடுப்பதிலும்தான். வாங்குகிறவரும் அந்தக் கோர்வைக்குத்தான் காசு கொடுக்கிறார்.

சாதாரண வேட்டியும் லுங்கியும் நெய்தவருக்கு நாடா உயிர் கொடுத்தது. கோர்வை நெய்தவர் அதே நாடாவை எடுத்திருந்தால் தன்ர சேலையைத்தான் கெடுத்திருப்பார். இரண்டு பேரும் தங்கள் தொழிலைத் தெரிந்துதான் முடிவெடுத்தார்கள். எல்லாருக்கும் ஒரே ஐந்து ஆலோசனையை ஒரே பலகையில் எழுதிப் போடுகிறவர்கள், இந்த இரண்டு தறியையும் ஒருக்கால் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும்.

நூல் ஆருடையது?

இப்ப அம்மாவின் கேள்விக்கு வருகிறோம். நாடா பறந்தது, நெசவு வேகமானது. வந்த காசு ஆருக்குப் போனது?

அதற்கு, அந்த நெசவாளரின் தறியில் ஏறியிருந்த நூல் யாருடையது எண்டு பார்க்கவேண்டும். சிலர் தாங்களே நூல் வாங்கி, தாங்களே நெய்து, சந்தையில் தாங்களே விற்றார்கள். அவர்களுக்கு ஒரு நாளைக்குக் கூட நெய்த முழம் ஒவ்வொன்றும் சொந்தக் காசு. ஆனால் கனபேருக்கு நூலை முற்பணமாகத் தந்தது வியாபாரி. சாயத்தையும் கோலத்தையும் அவரே தீர்மானித்தார். நெய்த துணி அவரிடமே போகவேண்டும், கூலி முழக்கணக்கில். நல்லது கெட்டதுக்கு வாங்கிய முற்பணம் தீரும்வரை வேறு வியாபாரியிடம் போகவும் ஏலாது.

ஊரில் ஒருவரிடம் மட்டும் பறக்கும் நாடா இருந்தால் அவர் மற்றவர்களைவிடக் கூடச் சம்பாதிப்பார். ஊரில் எல்லாரிடமும் வந்துவிட்டால், முன்பு ஒரு நாள் எடுத்த துணி இப்போது அரை நாளில் முடிகிறது எண்டு வியாபாரிக்கும் தெரியும். முழக்கூலியைக் குறைக்க அவருக்கு அது போதும். அதோடு, நெசவு வேகமானதும் பாவு போடுகிற வேலையும் தார் சுற்றுகிற வேலையும் கூடின. அந்த வேலைகள் வீட்டில் பெரும்பாலும் பெண்களுடையவை. அவற்றுக்குத் தனிக்கூலி இல்லை. கயிறு ஒருவர் கையில், அதன் பாரம் வீட்டில் எல்லார் தலையிலும்.

1941இல் நியமிக்கப்பட்டு 1942இல் அறிக்கை தந்த, பி. ஜே. தோமஸ் தலைமையிலான உண்மையறியும் குழு கைத்தறியையும் ஆலைகளையும் ஆராய்ந்தது. சொந்த நூலில் நெய்கிற நெசவாளர் குறைந்து, பெருநெசவாளரிடமும் இடைத்தரகரிடமும் தங்கியிருப்பவர் கூடிவருவதை அது பதிந்தது. உற்பத்தி மும்மடங்காகிய காலத்தின் முடிவில் வந்த அறிக்கை இது. துணி கூடியது, துணியை நெய்தவரின் கைப்பிடி தளர்ந்தது. இரண்டும் ஒன்றாகவே நடந்தன.

இதை அந்தக் காலத்திலேயே சிலர் விளங்கிக்கொண்டார்கள். 1935இல் சென்னை மாகாணத்தில் நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களுக்கான மாகாண அமைப்பு தொடங்கியது. இன்றைக்குக் கோ-ஆப்டெக்ஸ் எண்டு தெரிகிற நிறுவனம் அதன் தொடர்ச்சிதான். நூலைச் சேர்ந்து வாங்குவது, துணியைச் சேர்ந்து விற்பது என்பதுதான் யோசனை. கூட்டுறவுகளுக்குள்ளும் ஊழல், அரசியல், பெருநெசவாளரின் பினாமிச் சங்கங்கள் எல்லாம் வந்தன, அது வேறு பெரிய கதை. ஆனால் தறிக்கு வெளியே இருக்கிற இரண்டு கதவை, நூல் வரும் கதவையும் துணி போகும் கதவையும், அவர்கள் சரியாக அடையாளம் கண்டார்கள்.

மருதமுனைக்கு வருவோம்

தறிக்கு வெளியே இருக்கிற கதவு எவ்வளவு முக்கியம் எண்டு இலங்கையில் எங்களுக்கு நல்லாத் தெரியும். கிழக்கில் மருதமுனை எண்டால் கைத்தறி, கைத்தறி எண்டால் மருதமுனை. சாரமும் சேலையும் அங்கே வீடு வீடாக நெய்யப்பட்டன.

1970 முதல் 1977 வரை சிறிமாவோ பண்டாரநாயக்க அரசு இறக்குமதியைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. அந்தக் காலத்து வரிசைகளையும் தட்டுப்பாட்டையும் எங்கட அம்மம்மாமார் மறக்கவில்லை. ஆனால் அதே கட்டுப்பாடு யாழ்ப்பாணத்து வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் விலை கொடுத்தது, உள்ளூர்க் கைத்தறிக்கும் சந்தை கொடுத்தது. வெளிநாட்டுத் துணி வராததால் உள்ளூர்த் துணிக்கு ஆள் இருந்தது.

1977இல் ஜே. ஆர். ஜெயவர்தன அரசு பொருளாதாரத்தைத் திறந்தது. மலிவான வெளிநாட்டுத் துணி வந்து குவிந்தது. நாடு முழுவதும் தறிகள் நிண்டன. தறியில் நாடா முன்பு போலத்தான் பறந்தது, நெசவாளர் கையில் இருந்த பழக்கமும் போகவில்லை. வெளியே கதவு ஒன்று திறக்க, இன்னொன்று மூடியது. பிறகு யுத்தம். 2004இல் ஆழிப்பேரலை மருதமுனையை மிக மோசமாக அடித்தது. இத்தனைக்குப் பிறகும் அங்கே தறிச் சத்தம் கேட்கிறது என்றால், அது அந்த மக்களின் பிடிவாதம்.

1977இல் ஒரு நெசவாளரிடம் போய் "கணக்குக் கொப்பி எழுதுங்கோ, துணியை அழகா மடிச்சு வையுங்கோ" எண்டு சொல்லியிருந்தால் அது பிழையான ஆலோசனை இல்லை. ஆனால் அவர் சிரித்திருப்பார்.

விறாந்தையிலிருந்து உள்ளே

இன்னொரு உதாரணமும் இலங்கையிலிருந்துதான். இது கிட்டடியில் நடந்தது. 2005இல் சுரேஷ் டி மெல், டேவிட் மெக்கென்சி, கிறிஸ்தோபர் வூட்ரவ் என்ற மூன்று பொருளியலாளர் காலி, மாத்தறை, களுத்துறை மாவட்டங்களில் ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். மிகச் சின்னத் தொழில் செய்கிற ஏறத்தாழ 400 பேரை எடுத்தார்கள். தையல், பலகாரம், சில்லறைக் கடை, சைக்கிள் திருத்துவது போன்ற தொழில்கள். அவர்களில் குலுக்கல் முறையில் சிலருக்கு 10,000 ரூபாவோ 20,000 ரூபாவோ பெறுமதியான காசு அல்லது பொருள் இனாமாகக் கொடுத்தார்கள். திருப்பித் தரத் தேவையில்லை.

பலன் ஆச்சரியமாக இருந்தது. போட்ட காசுக்கு மாதத்துக்கு 5 சதவீத அளவில் வருமானம் கூடியது. வங்கி வட்டியைவிட அது மிகக் கூட. சின்ன உதவி, பெரிய பலன்! ஆனால் ஆண்களையும் பெண்களையும் பிரித்துப் பார்த்தபோது, கூடியது முழுவதும் ஆண்களின் தொழிலில்தான். பெண்களின் தொழிலில் சராசரியாக ஒன்றும் கூடவில்லை.

பெண்களுக்கு வியாபாரம் தெரியாது எண்டு இதை வாசிக்கக் கனபேர் தயாராக இருப்பார்கள். சில வருசம் கழித்து, 2019இல் வெளிவந்த இன்னொரு ஆய்வு இதே இலங்கைத் தரவுகளை இந்தியா, கானா தரவுகளோடு சேர்த்து மறுபடி பார்த்தது. இந்த முறை, அந்த வீட்டில் வேறு யாரும் தொழில் செய்கிறார்களா என்பதையும் பார்த்தார்கள். கணவனும் தொழில் செய்கிற வீடுகளில், மனைவிக்குக் கிடைத்த காசு கணவனின் தொழிலுக்குள் போயிருந்தது. வீட்டில் பெண்ணின் தொழில் மட்டும்தான் இருந்தது என்றால், அவரின் வருமானம் ஆண்களைப் போலவே கூடியிருந்தது.

ஆகவே சேலத்து முழக்கூலிக் கணக்கில் கேட்ட கேள்வியை வீட்டுக்குள்ளும் கேட்கவேண்டியிருக்கிறது. காசு எந்தக் கையில் விழுகிறது, எந்தக் கைக்குப் போகிறது?

எங்கட வடக்கு கிழக்கில் யுத்தத்துக்குப் பிறகு குடும்பத்தைத் தனியாகச் சுமக்கிற பெண்கள் ஏராளம். அவர்கள் விறாந்தைக்கு நுண்கடன் வந்தது. வட்டியும் கிழமைத் தவணையும் எவ்வளவு மோசமாகப் போனது என்றால், 2018இல் அரசே தலையிட்டு, வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் வாங்கிய ஒரு லட்சம் ரூபா வரையான நுண்கடன்களுக்கு நிவாரணம் அறிவிக்கவேண்டி வந்தது. அந்தப் பெண்களில் கனபேர் சோம்பேறிகளும் இல்லை, கணக்குத் தெரியாதவர்களும் இல்லை. கூடச் சம்பாதித்தது எல்லாம் படலையால் போனது.

அம்மாவின் கொப்பி

சின்ன மாற்றங்களைக் கேலி செய்ய இதை எழுதவில்லை. ஒரு கயிறும் இரண்டு பெட்டியும், அழியும் எண்டு எழுதிவைத்த தொழிலை நாற்பது வருசம் வளர்த்திருக்கிறது. அதை நாங்கள் மதிக்கிறோம். வீட்டுக்குள் பொருந்துகிற, கடன் வேண்டாத, பக்கத்து வீட்டைப் பார்த்துப் பழகக்கூடிய மாற்றம்தான் பரவும் என்பதையும் அந்தக் கயிறுதான் எங்களுக்குச் சொல்லித் தந்தது. ஆனால் ஒரு மாற்றத்தைச் சொல்லிக் கொடுக்க முதல் கேட்கவேண்டிய மூன்று கேள்வியையும் அதே வரலாறு தருகிறது. இது அவர் செய்கிற வேலைக்குப் பொருந்துமா, அல்லது கோர்வைச் சேலைக்குப் பறக்கும் நாடா மாதிரியா? மூலப்பொருள் வரும் வழியும் விற்கும் வழியும் ஆருடைய கையில்? கூடுற காசு கடைசியில் எங்கே போய்ச் சேரும்?

அம்மா பட்டறையில் சொன்ன ஐந்தில் ஒன்றைத்தான் செய்தார். கணக்குக் கொப்பி. ஆனால் அவர் எழுதின விதம் வேறு. வரவு செலவுக்குப் பக்கத்தில் மூன்றாவதாக ஒரு கோடு கீறி, ஒவ்வொரு சட்டையும் ஆருக்காகத் தைத்தது எண்டு எழுதினார். இரண்டு மாதம் எழுதிவிட்டு ஒருநாள் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தார். ரவுண் கடைக்குத் தைக்கிற ஒரு சட்டையில் கையில் மிஞ்சுவதையும், ஊர்ப் பிள்ளைகளுக்கு நேரே தைக்கிற ஒரு சட்டையில் மிஞ்சுவதையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினார். பிறகு அதே கடைக்குத் தைக்கிற இன்னும் மூன்று வீட்டுக்குக் கொப்பியைக் கொண்டுபோய்க் காட்டினார்.

இப்போது நாலு பேரும் சேர்ந்து, வருகிற தவணைக்கான சீருடைத் துணியை மொத்தமாக வாங்குவதற்கு விலை விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள். துணிக்கு முன்காசு எப்படிப் புரட்டுவது எண்டு இன்னும் முடிவில்லை. கடைக்காரருக்கு விசயம் தெரிந்தால் வேலை தருவதை நிப்பாட்டிவிடுவாரோ எண்டு ஒரு அக்கா பயப்படுகிறா. பயம் நியாயமானதுதான். என்ன நடந்தது எண்டு அடுத்த வருசம் எழுதுகிறோம்.

அதற்கிடையில் உங்களிடம் ஒரு வேலை தருகிறோம். உங்கட வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ தைக்கிறவர், பலகாரம் செய்கிறவர், பாய் இழைக்கிறவர், கடை வைத்திருக்கிறவர் ஆரும் இருந்தால், அவரின் கொப்பியைப் பக்கத்தில் இருந்து ஒருக்கால் பாருங்கோ. கொப்பி இல்லையென்றால் நீங்களே ஒன்று வாங்கிக் கொடுங்கோ. மூன்றாவது கோட்டையும் மறக்காமல் கீறிக் கொடுங்கோ.